இல்லாத பீரோ

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் வீட்டிலிருக்கிற மனுஷரைப் பார்க்க வேண்டும் என்பது தெரிவதில்லை. வந்ததும் சுவரைப் பார்க்கிறார்கள். அப்புறம் கூரையைப் பார்க்கிறார்கள். "வாங்க" என்று ஒருத்தர் சொன்னால் "வந்துட்டோம்" என்றாவது சொல்ல வேண்டாமா? அதுவும் கிடையாது. பாதி முகத்தை மூடுகிற மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, ஈ ஓட்டுகிறவர்களைப்போல கையை இப்படியும் அப்படியும் வீசுகிறார்கள்.

"என்னடா செய்யறீங்க?" என்று கேட்டார் பீரோ.

"ரூமை அளக்கறோம் அங்கிள்" என்றான் மூவரில் உயரமானவன்.

"டேப் இல்லையா?"

"இதுவே அளந்துடும் அங்கிள்."

"நான் உனக்கு எந்த முறையில அங்கிள்?"

பையன் யோசித்தான். முறை எதுவும் அகப்படவில்லை. "சாரி தாத்தா" என்றான்.

"தாத்தாவும் வேணாம். அளந்துட்டுக் கிளம்பு."

பீரோ என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது அவர் தொழில். கட்டில், மேஜை, பிரிட்ஜ், ஒரு தடவை யாரோ ஒருவருடைய கல் அம்மிகூட. வாலிபத்தில் ஒரு மழை நாளில் கூட்டாளி வராமல் போக, இரும்பு பீரோ ஒன்றை முதுகோடு கயிறு போட்டுக் கட்டி ஒற்றை ஆளாக நாலாவது மாடிக்கு ஏற்றிவிட்டார். ஈரக்கயிறு அறுத்த தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது. அன்றிலிருந்து தெருவுக்கே அவர் பீரோ. பெண்டாட்டி பீரோ வீட்டம்மா. மகளைப் பள்ளிக்கூடத்தில் 'சாவி' என்று கூப்பிட்டார்கள். அது அப்படியே நிலைத்து, இப்போது அவள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவளாகிவிட்ட பிறகும் வீட்டில் சாவிதான்.

சாவி நடத்துகிற பாடம் என்னவென்று பீரோவுக்குப் பல தடவை விளக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டால் நம் கூடம் நம் கூடமாகவே தெரியும். ஆனால் அதோடு அங்கே இல்லாத சாமானும் தெரியும். அந்த இல்லாத சாமானை வைத்து நோயாளிக்கும் வயதானவருக்கும் அக்கறை காட்டுகிற ஆப் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள்.

"அக்கறைய எதுக்குப் பெட்டிக்குள்ள போடணும்? மனுஷனுக்கு மனுஷன் காட்டினா ஆகாதா?" என்பார் பீரோ.

"காட்டினா சரிப்பா. காட்டத் தெரியாதவங்களும் இருக்காங்க இல்ல" என்பாள் சாவி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

இந்தத் தடவை பிள்ளைகள் வீடு தேடி வந்ததற்குக் காரணம், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பீரோ வீட்டம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அவள்தான் நடக்கவில்லை. நாலு கால் வைத்த வாக்கர் பக்கத்திலேயே நின்றது. அதில் ஈரத் துண்டு காய்ந்தது.

வீடோ மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேறு ஊரிலிருந்து மூத்த மகன், பெரியவன், போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

"சனிக்கிழமை பிசியோவோட நானும் வர்றேன். நாற்காலியிலேருந்து பால்கனி வரைக்கும் போயி, யாரும் தொடாம அம்மா திரும்பி வரணும். வந்துட்டா சரி, அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா என்கூடக் கூட்டிட்டு வந்துடறேன். என்னோடது கீழ் வீடு."

"நானு?" என்றார் பீரோ.

"ஒரு சின்ன ரூம்தாம்பா இருக்கு. ஒரு கட்டில்தான் போடலாம். நீங்க சாவியோட இருங்க."

"கட்டிலக் குறுக்கப் போட்டா ரெண்டு போடலாம். எனக்குத் தெரியாத ரூமா?"

"அப்பா, இது சாமான் கணக்கு இல்ல."

பீரோ போனை வைத்தார். பிறகு எழுந்து போய்ப் பெண்டாட்டியிடம், "நடந்து தொலையேன்டி" என்றார். அவள் வாக்கரைப் பிடித்து எழ முயன்றாள். முட்டி நடுங்கியது. அடுத்த நொடி பீரோ அவளைக் கட்டிலைத் தூக்குகிற மாதிரி அடியில் கைகொடுத்து அப்படியே அள்ளிக்கொண்டுபோய்ப் பால்கனியில் இறக்கிவிட்டார்.

"பாத்தியா, வந்துட்டம் இல்ல?"

"நீங்க வந்தீங்க. நான் சாமானா வந்தேன்" என்றாள் அவள்.

*

பிள்ளைகள் முதலில் செய்துகொண்டுவந்த ஆப்பில் ஒரு பூந்தோட்டம் இருந்தது. கூடத்துத் தரை முழுக்கப் பூ. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பூ மலரும், பட்டாம்பூச்சி பறக்கும், ஒரு பெண் குரல் தேன் தடவினாற்போல "மிக நன்றாகச் செய்கிறீர்கள் அம்மா" என்று சொல்லும். பீரோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் ஏற்கெனவே மூன்று பேருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. உயரமானவன் ஒட்டடைக்குச்சி. எதற்கெடுத்தாலும் உச்சத்தில் பேசுகிற பெண் கீச்சி. இன்னொருத்தி வந்ததிலிருந்து வாயே திறக்காமல், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தூங்குமூஞ்சி.

பெட்டியைக் கொண்டைக்கு மேலே பட்டை இழுத்து மாட்டிவிட்டார்கள். பீரோ வீட்டம்மாவின் வாய் தானாகத் திறந்தது.

"ஐயோ, எவ்ளோ பூவு!"

"நடங்க பாட்டி! நடந்தா இன்னும் பூக்கும்!" என்று கீச்சினாள் கீச்சி.

"எதுக்கும்மா நடந்து மிதிக்கணும்? இங்கேருந்தே நல்லாத் தெரியுதே."

தேன் குரல் கேட்டது: "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது அம்மா?"

அவ்வளவுதான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமான புதிதில் பீரோ அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுச் சாமான் ஏற்றப் போனது, சோற்றில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுவது, குறட்டை, ஈரத்துண்டை வாக்கரில் போடுவது என்று ஒன்றையும் விடவில்லை. குரலும் சளைக்காமல் "புரிகிறது அம்மா", "மேலும் சொல்லுங்கள் அம்மா" என்று ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வெயில் இறங்கி, டீ ஆறி, மேலே ஆடை கட்டியும் அவள் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"நல்ல அக்கறைடி! நடக்க வெக்கறேன்னு வந்து, என் மானத்த நடுத்தெருவுல நடக்க விட்டுட்டீங்க" என்றார் பீரோ, மகளிடம்.

சாவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளைகள் பக்கம் திரும்பியபோது ஆசிரியை முகம்.

"உக்காருங்க மூணு பேரும். இதுவும் வகுப்புதான். எங்க தப்பு?"

"குரல் போரடிக்குது மேடம்" என்றான் ஒட்டடைக்குச்சி.

"அம்மாவுக்குப் போரடிக்கவே இல்ல. அதுதானே பிரச்சினை?"

"பூ பத்தல மேடம்" என்றாள் கீச்சி.

"அம்மாவுக்கு என்ன குடுக்கலாம்னே யோசிச்சீங்க. இந்தக் கூடத்துல அம்மா மட்டுமா இருக்காங்க? நாளைக்குப் பெட்டி கிட்டி ஒண்ணும் கொண்டுவராதீங்க. வந்து சும்மா உக்காருங்க. யாரு எப்ப எழுந்திருக்கறாங்க, கை எங்க போகுது, கண்ணு எங்க போகுது, அத மட்டும் பாருங்க. கேள்வி கேக்கக் கூடாது."

மறுநாள் மதியம் முழுக்க மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்கள். பீரோவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. முட்டையை உரிக்கும்போது பார்க்கிறார்கள். முதுகைச் சொறியும்போது பார்க்கிறார்கள்.

"என்ன, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி சுத்தி உக்காந்துட்டு? இன்னும் யாரும் போய்ச் சேரல, எழுந்து போங்க" என்றார்.

சாயங்காலம் சாவி கேட்டாள்: "என்ன பாத்தீங்க?"

ஒட்டடைக்குச்சியும் கீச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையிலிருந்து தூங்குமூஞ்சி முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"பாட்டி எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே தாத்தா எழுந்திருக்காரு மேடம்."

மற்ற இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாட்டி கைய நாற்காலியில ஊனினாப் போதும், தாத்தா வந்து தூக்கிடறாரு. தண்ணி வேணும்னு திரும்பினாலே தண்ணி வந்துடுது. பாட்டிக்குக் காலெடுத்து வெக்க நேரமே இல்ல. அதனால…" அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "ஆப் பாட்டிக்கு இல்ல. தாத்தா கைக்கு."

"எங்கைக்கு என்னடி கேடு?" பீரோ பாய்ந்தார்.

"அதுக்கு வேற வேலை குடுக்கணும் தாத்தா."

நாற்காலியிலிருந்து பீரோ வீட்டம்மா கைதட்டினாள். "இந்தப் பொண்ணு தூங்கிட்டே இவ்ளோ பாத்திருக்கா! முழிச்சுட்டிருந்தா என்னென்ன பாத்திருப்பாளோ!"

பீரோ செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். டீக்கடையில் டீ சொல்லிவிட்டுக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். தூக்குவதைத் தவிர அவருக்கு என்ன தெரியும்? ஒரு ஆளைப் பிடித்திருந்தால் அவர் சாமானைத் தூக்குவார். ரொம்பப் பிடித்திருந்தால் காசில்லாமல் தூக்குவார். அதற்கு மேல் அக்கறை என்று ஒன்று இருப்பதாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

*

வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டிகள் வந்தன, புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. பீரோ மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். குதிரைக்குத்தான் கண்ணுக்குப் பட்டை கட்டுவார்கள் என்றார். "நாளைக்குச் சனிக்கிழமைப்பா" என்று சாவி சொன்னதும் தலையைக் குனிந்து கொடுத்தார்.

கூடத்தின் நடுவே ஒரு பீரோ நின்றது.

பச்சை இரும்பு பீரோ. கைப்பிடியருகே வண்ணம் உரிந்து, கீழே ஒரு காலில் லேசாகத் துரு. அவர் கிட்டே போனார். கையை நீட்டினார். கை உள்ளே போய்விட்டது.

"த்தூ! காத்து!"

"ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சாத்தான் தாத்தா தூக்கும்" என்றான் ஒட்டடைக்குச்சி. "பால்கனிக்குக் கொண்டுபோகணும். ஒரு கைய எடுத்தாலும் சாஞ்சுடும்."

"கனமே இல்லையே, இதுல என்னடா தூக்கறது?" என்று சொன்னபடியே கட்டிப்பிடித்தார். ஆனால் முட்டி தானாக மடங்கியது, முதுகு தானாக வளைந்தது. கண்முன்னே பச்சைத் தகடு தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரண்டடி போனதும் 'கர்ர்ர்' என்று இரும்பு சுவரைக் கீறுகிற சத்தம். பிள்ளைகள் அதைப் பழைய சாமான் கடைக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். பீரோவுக்குப் பல் கூசியது.

சாமான் தூக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பெரிய சாமான் என்றால் முன்னால் ஒரு ஆள் வெறுங்கையோடு நடந்து வழி சொல்ல வேண்டும். படி வருது, நிலை வருது, இடது, வலது. அவன் 'இறக்கு' என்று சொல்லும்வரை சுமை தரையில் படக்கூடாது. ஆனால் பீரோ வழி சொல்கிறவன் எவனையும் நம்பியதில்லை. சாமானுக்கு ஓரமாகக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போவார். அப்படியே நீட்டி நீட்டிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. இப்போதும் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்த பக்கமெல்லாம் பீரோவும் கூடவே வந்தது. மறுபடி 'கர்ர்ர்'.

பெட்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த பீரோ வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"செவுரு! செவுரு! கண்ணு இல்லையா உங்களுக்கு? போன வருஷந்தான் வெள்ளையடிச்சது!"

"நீ வந்து வழி சொல்லேன் பாப்போம், உக்காந்த எடத்துல கத்தாம!"

"சொல்லத்தான் போறேன்!"

அவள் நாற்காலியில் கையை ஊன்றினாள். பீரோவின் கை பழக்கத்தில் துடித்தது. கையை எடுத்தால் இரும்பு பீரோ சாயும். எடுக்கவில்லை. வாக்கர் 'டக்' என்றது. மறுபடி 'டக்'. பக்கத்தில் சாவி தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எடது பக்கம் வாங்க. எடதுங்கறேன்!"

"இது எடதுதானேடி?"

"அது உங்க எடது. நான் சொல்றது எனக்கு எடது!"

"நீ திரும்பி நின்னா எடது எப்படி ஒண்ணாகும்?"

"அம்மா, திரும்பறதுன்னா நின்னுட்டுத் திரும்பு. நடந்துட்டே திரும்பாத" என்றாள் சாவி.

நின்றாள், திரும்பினாள், திட்டினாள், நடந்தாள். செருப்பு வைக்கிற அலமாரியைத் தாண்டி, குறுகலான வழியில், பால்கனி வரை போய்விட்டாள். திட்டுகிற மும்முரத்தில் முட்டி நடுங்க மறந்துவிட்டது. திரும்பி வரும்போது பாதியில் நினைவு வந்து, வியர்த்து, நாற்காலி கேட்டாள். ஆனால் பாதி வந்திருந்தாள்.

பிள்ளைகள் குதித்தார்கள். பீரோ பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, "சண்டை போட வெக்கறதுக்கு எதுக்கு ஆப்? அது தினம் நடக்கறதுதானே" என்றார். இரவு படுக்கப் போகும்போது அவருக்கு இடுப்பு நிஜமாகவே வலித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். பெரியவன் நனைந்த குடையோடு வந்தான். வந்ததும் அம்மாவின் துணிகளை எடுத்து ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தான். "நடக்கட்டும், நடந்தா திரும்ப எடுத்து வெச்சுக்கலாம்" என்றான். பீரோ அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கட்டிக்கொடுத்த மூட்டைகள் ஆயிரம் இருக்கும். இவ்வளவு சின்ன மூட்டை அவரை இந்தப் பாடு படுத்தியதில்லை.

பிசியோ அம்மாள் வந்தாள். கறாரான பெண். பெட்டிகளைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"நோயாளி தலையில ஒண்ணும் இருக்கக் கூடாது. கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது? அவரு வேணா மாட்டிக்கட்டும், எனக்கென்ன."

சாவியின் முகம் வாடியது. பீரோ வீட்டம்மா புருஷனைப் பார்த்தாள். பீரோ தன் பெட்டியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் போய் முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் காற்றைக் கட்டிப்பிடித்தார்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றான் பெரியவன்.

"பீரோ தூக்கறாரு" என்றாள் சாவி.

"எந்த பீரோ?"

"சும்மா இருடா. செவுத்துல இடிச்சாத் தெரியும் எந்த பீரோன்னு" என்றாள் அவன் அம்மா. கையை ஊன்றினாள். எழுந்தாள். "வாங்க. நேரா வாங்க. மெதுவா."

டக்.

குறுகலான வழி வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. அங்கே போனதும் பீரோவின் கண்முன் பச்சைத் தகடு ஒரு தரம் மினுக்கியது. ஓரத்தில் என்னவோ சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் எல்லாம் இருட்டு. பீரோவும் இல்லை, கூடமும் இல்லை, சுவரும் இல்லை.

செத்துப்போய்விட்டது சனியன் என்று அவருக்குப் புரிந்தது. பெட்டியைக் கழற்ற ஒரு கை வேண்டும். கையை எடுத்தால் அவள் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் வழி சொல்கிற வேலை முடிந்துவிடும். வேலை முடிந்தால் அவளுக்குத் தன் காலின் நினைவு வந்துவிடும். வாசலோரம் பை கட்டி வைத்திருக்கிறது.

அவர் பிடியை விடவில்லை.

"என்ன நின்னுட்டீங்க?" என்றது அவள் குரல், இருட்டில்.

"மூச்சு வாங்குது. நீ சொல்லு."

"ஒரு அடி வாங்க. கொஞ்சம் வலது. போதும். செருப்பு ரேக்கு இருக்கு, உள்ளுக்கு வாங்க. ஆங், அப்படித்தான்."

கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் எட்டிப் பார்க்காமல் நடந்தார். டக் என்றால் ஓரடி. டக் என்றால் இன்னோரடி. முகத்தில் ஈரக் காற்று பட்டபோது பால்கனி என்று தெரிந்தது. தூறல் தகரத்தில் விழுகிற சத்தம். அவள் மூச்சு வாங்கினாள். பிசியோ அம்மாள் மறுபடி நடக்கச் சொல்வதற்குள் அவளே, "சரி, திரும்புங்க. உங்க எடது பக்கமா. உங்க எடதுதான் சொல்றேன், பயப்படாதீங்க" என்றாள்.

திரும்பி வந்தார்கள். பாதி வழியில் டக் சத்தம் நின்றது. நேற்று நின்ற அதே இடம். யாரோ முன்னால் வர அசைந்ததும், "தொடாதீங்க" என்று பிசியோ சொன்னதும் அவருக்குக் கேட்டது. கை இரண்டும் தவித்தன.

"இறக்கட்டுமாடி?" என்று கேட்டார்.

"இங்கயா? நடு வழியில பீரோவ வெச்சுட்டு அப்புறம் யாரு தாண்டறது? வாங்க பேசாம!"

டக்.

நாற்காலி கிரீச்சிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். "வாசப் பக்கமா வைங்க. இன்னும் கொஞ்சம் செவுத்தோட. ம். இறக்குங்க."

முட்டியை மடக்கி, முதலில் ஒரு கால், பிறகு மறு கால், சத்தம் வராமல் இறக்கினார். அப்புறம்தான் கையை எடுத்தார்.

"இன்னைக்குத்தான் ஒழுங்காத் தூக்கினீங்க. செவுத்துல ஒரு இடி இல்ல" என்றாள் அவள்.

பிசியோ அம்மாள் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இங்கயே இருக்கலாம். படி இறங்கறத அடுத்த மாசம் பாப்போம்" என்றாள். பெரியவன் பையைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அவனுக்கும் முகத்து இறுக்கம் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது.

ஒட்டடைக்குச்சி வந்து பீரோவின் முகத்திலிருந்து பெட்டியைக் கழற்றி, உள்ளே பார்த்து, கத்தினான்.

"மேடம்! இது ஆஃப் ஆயிருக்கு! நேத்து நான் சார்ஜ் போடலை!"

"எப்ப ஆஃப் ஆச்சு?" என்றாள் சாவி. அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் பெட்டி அழுத்திய சிவப்புத் தடம்.

"அப்பா, எங்க போகும்போது இருட்டாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க சாமான் உருப்படாதுன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா?"

"அப்ப எப்படிப்பா வந்தீங்க?"

"நடந்து வந்தேன். காலு இல்லையா எனக்கு?"

தூங்குமூஞ்சி மூலையில் உட்கார்ந்து, முழுக்கண்ணையும் திறந்து அவரையே பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். பீரோவுக்கு அது பிடிக்கவில்லை.

"டீக்குப் பால் இல்ல. வாங்கிட்டு வர்றேன். நான் வர்றதுக்குள்ள இந்தப் பெட்டி எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டுப் போயிடணும். இல்லாத சாமானத் தூக்கறதுக்குக் காலேஜு! அதுக்கு ஒரு வாத்தியாரு! நல்ல நாடுடா சாமி!"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"பாத்துப் போங்க" என்றாள் பீரோ வீட்டம்மா, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு.

"என்னத்தப் பாக்கறது? அங்க ஒண்ணும் கெடையாது" என்று சொன்ன பீரோ, வாசலருகே வந்ததும் வயிற்றை எக்கி, உடம்பை ஒருக்களித்து, எதிர்ச் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு வெளியே போனார்.